எந்தச் செல்லத்துரை?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருந்த அத்தனை பேருடைய கோபத்தையும் ஒரு சாக்கில் கட்டித் தராசின் ஒரு தட்டில் வைத்து, எங்கள் தந்தியரின் ஒரு பின்னேரத்துக் கோபத்தை மறு தட்டில் வைத்தால், சாக்குத்தான் மேலே போகும். வாயில் வந்ததைச் சொல்லவில்லை. அறுபதுகளின் நடுவில் கொக்குவிலில் எங்கள் வாசிகசாலைக்கு மூன்று வருடம் செயலாளராக இருந்து, அந்தக் கோபத்தை நேரே நின்று வாங்கியவன் சொல்கிறேன்.

தபால் கந்தோரில் முப்பது வருடம் தந்தி அடித்து ஓய்வு பெற்றதால் அவர் தந்தியர். ஓய்வுக்குப் பிறகு பின்னேரங்களில் வாசிகசாலையைச் சம்பளம் வாங்காமல் பார்த்துக்கொண்டார். சொந்தப் பெயர் வே. செல்லத்துரை. அந்தப் பெயரைச் சொல்லி ஒருவரும் அவரைக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் ஒழுங்கையில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். தகப்பன்மார் எல்லாரும் வேலுப்பிள்ளை, மகன்மார் எல்லாரும் செல்லத்துரை என்று யாரோ சட்டம் போட்டுவிட்ட ஊர் அது.

இந்தப் பெயர்தான் அவருடைய கோபத்துக்கு விதை. அவர் வேலையில் இருந்தபோது ஒரு மரணத் தந்தி வே. செல்லத்துரை என்ற பெயருக்கு வந்து, வேறு ஒரு வே. செல்லத்துரை வீட்டுக்குப் போய்விட்டது. அந்த வீட்டார் மத்தியானம் வரைக்கும் ஒப்பாரி வைத்திருக்கிறார்கள். களைத்துப்போய் ஓய்ந்த நேரத்தில்தான் யாரோ "செத்தது ஆர்?" என்று கேட்டார்களாம். உண்மையில் அழவேண்டிய வீட்டில் அன்று பாயாசம்.

"அண்டைக்கு ஏறின சூடு எனக்கு இன்னும் இறங்கேல்லை" என்பார் தந்தியர். இறங்கவில்லை என்பதற்கு நானே சாட்சி.

வாசிகசாலையில் வே. செல்லத்துரை என்ற பெயரில் ஆறு புத்தகங்கள் இருந்தன. எட்டாம் வகுப்பு அட்சரகணிதம் ஒன்று, எழுதியவர் உடுவிலில் ஒரு வாத்தியார். இரண்டாவது, மூன்று கொலையும் ஒரு காதலும் உள்ள துப்பறியும் நாவல். அது உடுப்பிட்டிச் செல்லத்துரை. மாட்டு வைத்தியம், சாவகச்சேரி. மிளகாய்ச் செய்கை, இணுவில். ஏதோ ஒரு பிள்ளையாருக்கு ஊஞ்சற்பா பாடியவர் எந்த ஊர் என்பது பிள்ளையாருக்கே வெளிச்சம். ஆறாவது, எங்கள் தந்தியர் எழுதியது. கொக்குவில் கிணறுகளின் தண்ணீரைப் பற்றி அறுபத்துநாலு பக்கம். பதினொரு வருடம் வீடு வீடாகப் போய், ஒவ்வொரு கிணற்றிலும் மாரிக்கு ஒரு முறையும் கோடைக்கு ஒரு முறையும் குடித்துப் பார்த்து, எது நன்னீர், எது உவர், எந்த மாதத்தில் மாறுகிறது என்று எழுதியிருந்தார்.

ஆறையும் ஆறு தட்டில் தனித்தனியாக வைத்து, ஊரின் பெயரை எழுதி ஒட்டியிருந்தார். யாராவது வந்து செல்லத்துரை என்று வாயைத் திறந்தால் தீர்ந்தது.

"எந்தச் செல்லத்துரை?"

"வே. செல்லத்துரை ஐயா."

"எந்த வே. செல்லத்துரை?"

"அந்த, புத்தகம் எழுதிறவர்."

"மற்றவையெல்லாம் என்ன, கல்லு உடைச்சவையே? வெளியிலை போய் நிண்டு யோசிச்சுப்போட்டு வாரும்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கணக்குப் பிழைத்த பிள்ளைகள் அவருடைய வாசற் படலையில் கரியால் ஏச்சு எழுதிவிட்டு ஓடினார்கள். கலியாண வீட்டில் ஒரு பெண், "நீங்கள் எழுதின அந்த மூண்டாவது கொலை, நித்திரையே வரேல்லை" என்று அவர் மனைவி பக்கத்தில் இருக்கவே சொன்னாள். இந்தச் சனத்தை நினைத்தால் எனக்கே இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு மனிதன் நான் இல்லை என்கிறான். அதைக் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

ஒரு நாள் கோண்டாவில் கமக்காரர் ஒருவர், வயிறு ஊதிய பசுவை வாசிகசாலை வாசலுக்கே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"அது சாவகச்சேரி ஆள் எழுதினது. நான் இல்லை" என்றார் தந்தியர்.

"கோவிக்காதையுங்கோ ஐயா. வந்தது வந்திட்டன், ஒருக்கா வயித்தைத் தட்டிப் பாருங்கோ."

தந்தியர் விறுக்கென்று எழும்பினார். உள்ளே போனார், சாவகச்சேரித் தட்டிலிருந்து புத்தகத்தை எடுத்தார், வயிற்றூதல் பகுதியை வரி வரியாக வாசித்துக் காட்டினார். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் "சாவகச்சேரிச் செல்லத்துரை சொல்லுறார்" என்று ஏசுவது போலச் சொன்னார். மாடு பிழைத்துவிட்டது. அடுத்த கிழமை வாசலில் மூன்று மாடுகள் நின்றன.

இவ்வளவுக்கும் அவருக்குச் சொந்தமான அந்த ஒரு புத்தகத்தை ஒருவரும் எடுத்துக்கொண்டு போனதில்லை. ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். எடுப்பவர் அதில் கையெழுத்து வைக்கவேண்டும். தினமும் கதவைப் பூட்டும் முன் கிணற்றுப் புத்தகத்தின் பின்னட்டையைத் திறந்து பார்ப்பார். தாள் வெறுமையாக இருக்கும். மூடி வைத்துவிட்டு, அகப்பட்டவனை ஏசுவார். பெரும்பாலும் அகப்பட்டவன் நான்.

வாசிக்காமலே ஒருவருக்கு மட்டும் அதன்மேல் கோபம் வந்தது. சுருட்டுக் கொட்டில் முதலாளி. அவருடைய கிணறு உவர் என்று அதில் இருப்பதாக, அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர் சொல்லிவிட்டார். முதலாளி மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். சீதனமாகக் கொடுக்கிற வீட்டு வளவில் கிணறு உவர் என்றால் யார் வருவான்? சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே உடுவிலுக்குப் போய், அட்சரகணித வாத்தியாரின் படலையில் நின்று ஒரு மணித்தியாலம் ஏசியிருக்கிறார். வாத்தியார் சாதுவான மனிதர். "பிழை எண்டால் அடுத்த பதிப்பிலை திருத்திறன்" என்று கும்பிட்டாராம்.

செய்தி தந்தியரின் காதுக்கு வந்தது. இறங்கி நடந்தார், நான் பின்னால் ஓடினேன்.

"எனக்கு வரவேண்டிய ஏச்சை ஏன் உடுவிலிலை கொண்டுபோய்க் குடுத்தனீர்?" என்றார் முதலாளியிடம். "எழுதினது நான். இப்ப ஏசும்."

முதலாளி கோபம் தீர்ந்து களைத்துப்போயிருந்தார். "விடுங்கோ அண்ணை. இருங்கோ, தேத்தண்ணி குடிப்பம்."

"உந்தக் கிணத்துத் தண்ணியிலை போட்டதோ? வேண்டாம்."

அப்புறம் என்ன, முதலாளிக்குப் புதிதாகக் கோபம் பொங்கி, ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி ஏசினார். தந்தியர் சால்வையைச் சரிசெய்தபடி கடைசிச் சொல் வரை நின்று வாங்கினார். திரும்பி வரும்போது அவர் முகத்தில் இருந்த திருப்தியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அப்படிப்பட்டவருக்கு நான் செய்த வேலையைக் கேளுங்கள். அவர் உடுப்பிட்டிக்கு மகள் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் நின்ற சமயம், மெல்லிய புத்தகங்கள் கிழிந்துபோகின்றன, ஒரே ஆசிரியருடையதை ஒன்றாகச் சேர்த்துக் கட்டலாம் என்று நிர்வாகக் குழு சொன்னது. பட்டியலில் வே. செல்லத்துரை ஆறு. மூளையைக் கழற்றி வைத்துவிட்டு ஆறையும் கொண்டுபோய்க் கட்டக் கொடுத்தேன். சிவப்புத் துணி முதுகோடு ஒரே புத்தகமாக வந்தது. முதலில் கணக்கு, பிறகு கொலை, பிறகு மாடு, மிளகாய், கிணறு, கடைசியில் பிள்ளையார். ஆறுக்கும் சேர்த்துப் பின்னால் ஒரே ஒரு தாள். கொலைக்காக எடுத்தவர்களின் கையெழுத்தால் அது கட்டி வந்த கிழமையிலேயே அரைவாசி நிறைந்துவிட்டது.

தந்தியர் வந்தார். புத்தகத்தைத் தூக்கிப் பார்த்தார். தாளைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டு, கெட்டித்தனமாகக் கதைப்பதாக நினைத்துச் சொன்னேன்.

"ஐயா, இப்ப உங்கடை புத்தகமும் எல்லாரும் கொண்டுபோயினம்."

"ஒருத்தரும் கொண்டுபோகேல்லை. அதுதான் உண்மை" என்றார். குரல் உயரவில்லை. "அதை ஏன் அழிச்சனீர்?"

சவரப் பிளேடு ஒன்றை எடுத்து, அங்கே வாசித்துக்கொண்டிருந்த அவ்வளவு பேருக்கும் முன்னால் தையலை அறுத்து ஆறையும் பிரித்தார். கிணற்றுப் புத்தகத்தின் பின்னால் புதிய வெறும் தாள் ஒட்டினார். என்னை ஏசவில்லை. அடுத்த நாளும் ஏசவில்லை. ஒரு மாதம் என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. அவருடைய கத்தலை வெறுத்து மூன்று வருடம் இருந்தவன், அந்த மௌனத்தில் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

கடைசியில் ஒரு பின்னேரம் அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"செல்லத்துரையின்ரை புத்தகம் வேணும்."

நிமிரவில்லை. "எந்தச் செல்லத்துரை?"

"கொக்குவில் செல்லத்துரை. கிணறு."

வெறும் தாளில் முதல் கையெழுத்து என்னுடையது. பாவத்தைக் கழுவத்தான் எடுத்தேன். ஆனால் பதினேழாம் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கிணறு இருந்தது. மாரியில் நன்று என்று எழுதியிருந்தார். வைகாசிக்குப் பிறகு நாக்கின் ஓரத்தில் உப்புத் தட்டும், வீட்டுக்காரர் இதை ஒத்துக்கொள்ளமாட்டார் என்றும் இருந்தது. எங்கள் அப்பாவை இதைவிடச் சுருக்கமாக ஒருவரும் எழுத முடியாது. பதினொரு வருடம் எங்கள் படலையைத் திறந்து வந்து ஒரு செம்பு தண்ணீர் கேட்ட மனிதரை, ஏன் கேட்கிறீர்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. தாகம் என்று நினைத்தோம். அதை நினைத்தால் எனக்கு என்மேல் வருகிற கோபத்துக்குத் தந்தியரின் கோபம் கால் தூசு.

புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுபோனேன்.

"வாசிச்சனீரோ?"

"ஓம் ஐயா."

"பதினேழாம் பக்கம்?"

"அப்பா ஒத்துக்கொள்ளமாட்டார்."

கண்ணாடியைக் கழற்றிச் சால்வையால் நெடுநேரம் துடைத்தார். பிறகு தாளைப் பார்த்து, ஒரு நாள் பிந்திவிட்டது என்று அரை மணித்தியாலம் என்னை ஏசினார். வாசிகசாலையே எழும்பி வெளியே போய்விட்டது. நான் மட்டும் நின்று கேட்டேன். கடைசியில், "கொண்டுபோம். ஒருக்கா வாசிச்சால் காணாது" என்று புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

இரண்டாம் தரம் எடுத்ததை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

சில வருடம் கழித்து வவுனியாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து எனக்கு ஒரு தந்தி வந்தது. செல்லத்துரை காலமானார், உடனே வரவும். அவ்வளவுதான். கொண்டுவந்த சேவகரின் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்தச் செல்லத்துரை?" என்று கேட்டேன். அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குத்தான் தெரிந்திருந்தது. தெரிந்தும் திரும்பத் திரும்பக் கேட்டேன். மற்ற ஐந்து பேரும் என்னை மன்னிக்கவேண்டும்.