பீடச் சபையில் ஏக்கர் கேட்டவர்

இலங்கையிலுள்ள எந்தப் பல்கலைக்கழகத்திலும் பீடச் சபைக் கூட்டத்துக்கு மண்வெட்டியோடு வந்த ஒரே விரிவுரையாளர் எங்கள் வட்டவிதானை சேர்தான். மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வரலாம். அன்று நானும் அதே மேசையில்தான் இருந்தேன். மண்வெட்டிப் பிடி என் காலில் இடித்துக்கொண்டே இருந்தது. வயலில் இருந்து நேரே வந்தவர், இரவல் மண்வெட்டியை வெளியே வைத்தால் யாராவது கொண்டுபோய்விடுவார்கள் என்று உள்ளேயே கொண்டுவந்துவிட்டார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. என் ஊர் கல்முனைக்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் எங்கள் பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம். சம்பந்தப்பட்டவர்கள் சிலர் இன்னும் உயிரோடு, ஹயாத்தோடு இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணங்களுக்குப் போக வேண்டியவள் நான். அங்கே பொருளியலில் ஆகக் கடைசியாகச் சேர்ந்த உதவி விரிவுரையாளர் நான்தான். வட்டவிதானை சேர் கணிதம். ஊர் நற்பிட்டிமுனை.

உண்மையான வட்டவிதானை அவருடைய காக்கா, அதாவது அண்ணன். வாய்க்கால் தண்ணீரை வயல்களுக்கு முறை வைத்துப் பங்கிட்டு, பயிரை மேயும் மாட்டுக்குத் தண்டம் போட்டு, கமக்காரர்களின் சண்டையைத் தீர்த்துவைக்கும் உத்தியோகம். காக்கா ஒருமுறை சுகமில்லாமல் படுத்ததால் தம்பி ஒரு போகம் அந்த வேலையைப் பார்த்தார். போகம் முடிவதற்குள் காக்காவுக்குக் குணமாகிவிட்டது. தம்பிக்குத்தான் ஆயுளுக்கும் குணமாகவில்லை.

பீடச் சபையை அவர் வயல் கூட்டமாகத்தான் பார்த்தார். கதிரையில் இருந்து ஒருநாளும் பேசமாட்டார். "நிண்டு கதைக்கோணும் சேர். இரிந்து கதைச்சா பொய் வரும்" என்பார். தீர்மானம் எதுவானாலும் எழுதுவினைஞரைக்கொண்டு அங்கேயே எழுதுவித்து, எல்லாரிடமும் கையெழுத்து வாங்காமல் கதவைத் திறக்க விடமாட்டார். "வெளிய போனாப் பொறகு, நான் அப்பிடிச் சொல்லவே இல்ல எண்டு நிப்பாங்க. எங்கட வயல் வட்டைக்குள்ள பார்க்காத ஆக்களா?"

தத்துவம் படிப்பித்தவர் மணி அடித்த பிறகும் இருபது நிமிடம் பேசி அடுத்தவருடைய வகுப்பைத் தின்பவர். வட்டவிதானை சேர் அதைச் சபையில் எடுத்தார். "வரம்பு தாண்டி மேஞ்ச மாட்டுக்குத் தண்டம் இரிக்கி. ஒரு சீப்புக் கதலிப்பழம்." தத்துவம் கோபித்துக்கொண்டு எழுந்து போனார். ஆனாலும் அடுத்த கூட்டத்துக்குப் பழம் வந்தது. பீடாதிபதி இரண்டு பழம் சாப்பிட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த வருட நேரசூசி போடும் கூட்டம். வழக்கம் என்னவென்றால், பீடாதிபதியில் தொடங்கிப் பெரியவர்கள் தங்களுக்குப் பிடித்த வகுப்புகளை எடுத்துக்கொள்வார்கள். மிஞ்சுவதெல்லாம் மேசையின் மறு அந்தத்துக்கு, அதாவது எனக்கு. அந்த முறை மிஞ்சியது வாரத்துக்கு இருபத்திரண்டு மணித்தியாலம். பீடாதிபதிக்கு மூன்று.

அந்த வருடம் முடிவதற்குள் முதுமாணி ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் என் வேலை போய்விடும். சட்டம் அப்படி. நான் எழுதி வைத்திருந்ததோ தலைப்பும் பொருளடக்கமும் மட்டும். வேலை போனால் அடுத்த மாதமே எனக்கு மாப்பிள்ளை பார்க்க வாப்பா தயாராக இருந்தார்.

"இளம் இரத்தம், சமாளிப்பீர்" என்று பீடாதிபதி என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

அப்போதுதான் மண்வெட்டிக்காரர் எழுந்தார். "சேர், நேரசூசிய முடிக்க முதல் ஒரு சின்ன வேல. இந்தச் சபையில ஆருக்கு என்ன தகுதி எண்டு எழுத்தில இல்ல. அதை ஒருக்கா எழுதிவெப்பம்."

பட்டங்களை எழுத்தில் பார்ப்பதென்றால் பீடாதிபதிக்கு அப்படியொரு விருப்பம். அவருடைய அறைக்கதவில் பெயரைவிடப் பட்டங்கள்தான் நீளம். "நல்ல யோசனை" என்றார்.

"பட்டம், அனுபவம், பதவி எல்லாத்தையும் சேர்த்து ஏக்கர் கணக்கில சொல்லுங்க. எனக்குப் பத்து ஏக்கர். எழுதுங்க தம்பி."

மூன்று தடவை பதவி உயர்வு தவறிய மனிதர் தனக்குப் பத்து என்றால் மற்றவர்களுக்குப் பொறுக்குமா? "உமக்கே பத்தென்றால் எனக்கு இருபது" என்றார் பீடாதிபதி. தத்துவம், "நான் பேராசிரியருக்கு விண்ணப்பித்திருக்கிறேன். பதினாறு போடும்" என்றார். வரலாறு படிப்பித்தவர் தனக்கும் பதினாறு என்று கேட்டு, பிறகு தத்துவத்தோடு சமமாக இருக்கப் பிடிக்காமல் பதினாறரையாக்கினார். கால் மணித்தியாலம் ஒரே ஏலம்.

"நீங்க எத்தின, புள்ள?" என்று வட்டவிதானை சேர் என்னிடம் கேட்டார்.

"அரை ஏக்கர் சேர்."

எல்லாரும் சிரித்தபடியே கையெழுத்து வைத்தார்கள். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "சரி. இப்ப வாய்க்கால் வெட்டப் போவம்."

எங்கள் பக்கத்துக் கமக்காரர் யாராவது அங்கே இருந்திருந்தால் ஏக்கர் என்ற சொல்லைக் கேட்டவுடனேயே உஷாராகியிருப்பார். விதைப்புக்கு முன் வாய்க்காலைத் துப்புரவாக்கும் வேலை ஏக்கர் கணக்கில்தான் பங்கிடப்படும். அதிகக் காணி உள்ளவருக்கு அதிக வெட்டு. அதனால் பெரிய பெரிய காணிக்காரர்களான போடிமார்கூட அன்று தங்கள் காணியைக் குறைத்துத்தான் சொல்லுவார்கள். எங்கள் படித்த கூட்டம் கூட்டிச் சொல்லிக் கையெழுத்தும் வைத்துவிட்டது.

"இருவது ஏக்கர்க்காரருக்கு மூணு மணித்தியாலம், அரை ஏக்கர்க்காரிக்கு இருவத்திரெண்டா? எந்த வட்டையில சேர் இந்த நியாயம்?"

பீடாதிபதி மேசையில் அடித்தார். "இது பல்கலைக்கழகம், வயல் அல்ல!"

"ஓம் சேர். வயலெண்டா இதை எப்பயோ தீர்த்திரிப்பம்."

பீடாதிபதி நினைத்திருந்தால் அந்தத் தாளை இரத்துச் செய்திருக்கலாம். ஆனால் அதற்குத் தான் இருபது ஏக்கர் பெறாதவர் என்று அவரே கூட்டறிக்கையில் எழுதவேண்டும். அதை அவர் உயிர் போனாலும் செய்யமாட்டார். என் இருபத்திரண்டு ஆறாகியது. மிச்சம் பெரியவர்களுக்குப் போனது.

பீடாதிபதி காலை எட்டு மணிக்கு முதலாம் வருடத்துக்குப் படிப்பிக்கும் அதிசயத்தைப் பார்க்க மூன்றாம் வருட மாணவர்களும் வந்து யன்னலில் நின்றார்கள். இரண்டு கிழமைதான். பிறகு அவருக்குக் கொழும்பில் கூட்டம் வந்தது. தத்துவத்துக்கு முதுகுவலி வந்தது. வரலாற்றுக்கு இரண்டும் வந்தது. கைவிடப்பட்ட வகுப்புகள் என் தலையில்தான் வந்து விழும் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். ஒன்றுகூட வரவில்லை. அல்லாஹ் காப்பாற்றினான் என்று எழுதிக்கொண்டேயிருந்தேன். தவணைக்கு நாலு நாள் இருக்கும்போது ஆய்வேட்டைக் கொடுத்தேன்.

பிறகு விடைத்தாள் திருத்தினேன். சந்தையின் கேள்வியையும் நிரம்பலையும், அதாவது தேவையையும் வரத்தையும், விளக்கச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் யூரியாவை உதாரணம் காட்டியிருந்தார்கள். ஒருவன் வாய்க்கால் படமே கீறியிருந்தான். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. எழுதுவினைஞர்தான் சொன்னார்.

"அந்த வகுப்பையெல்லாம் வட்டவிதானை சேர்தானே மிஸ் எடுத்த. உங்கட பழைய நோட்டைப் பொடியன்மாருக்கிட்ட வாங்கிப் படிச்சிட்டுப் போவாரு. அவர்ர பதவி உயர்வுக்கு ஒரு கட்டுரை எழுதோணும். அதுக்கு நேரமில்லாம இந்த முறையும் தவறிட்டு."

ஓடிப்போய் அவரைப் பிடித்தேன். "ஏன் சேர் எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லல்ல?"

"சொன்னா நீங்க எழுதுறத உட்டுப்போட்டு வகுப்புக்கு ஓடிவருவீங்க, புள்ள."

"உங்கட உயர்வு?"

"அதுக்கென்ன, அடுத்த போகம் பாப்பம்."

அந்த அடுத்த போகம் வரவேயில்லை. சாதாரண விரிவுரையாளராகவே ஓய்வு பெற்றார். நான் பேராசிரியராகி, பீடாதிபதியுமாகி, அவரைப் பற்றிப் பல மேடைகளில் பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அவர் முகத்துக்கு நேரே மட்டும் ஒரு நன்றி சொன்னதில்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்ற பயம். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.