கேலரியில் குதிப்பவர்

தரையை விட்டு எழும்பாமலே மூச்சு வாங்குகிற ஒரு மனித இனம் உண்டு. அதைப் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டாம். எந்த விளையாட்டரங்கத்துக்கு வேண்டுமானாலும் போங்கள். கேலரியின் முதல் வரிசையில், நாற்காலி நுனியில், பாதி உட்கார்ந்தும் பாதி எழுந்தும் இருக்கும். பிள்ளை ஓடினால் இதற்குக் கால் வலிக்கும். பிள்ளை நீந்தினால் இதற்குச் சளி பிடிக்கும். பிள்ளை டிராம்போலினில் குதித்தால்?

அதைத்தான் சொல்ல வந்தேன். இந்த இனத்தில் ஒருவரை எனக்கு நெருக்கமாகத் தெரியும். அவரிடம்தான் நான் மூக்குக்கண்ணாடி வாங்குகிறேன்.

மேல் தட்டிலிருந்து ஒரு ஃபிரேமை எடுக்க ஸ்டூலில் ஏறச் சொன்னால், தலை சுற்றுகிறது என்று மனைவியைக் கூப்பிடுகிற மனிதர் அவர். ஒரே மகள். சின்ன வயதில் யாரோ கூட்டிப்போன விளையாட்டுக் கூடத்தில் ஸ்பிரிங்குகளால் இழுத்துக் கட்டிய டிராம்போலின் வலைமேல் ஏறியவள், இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தாள். மற்ற குழந்தைகள் கையையும் காலையும் உதறிக்கொண்டு விழுந்து புரள, இவள் மட்டும் நேராக மேலே போனாள், நேராகக் கீழே வந்தாள். அங்கே பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த கோச் அம்மா, அதிகம் பேசாதவர், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணை என்கிட்ட விடுங்க" என்றார்.

அவர் மகளை விட்டார். கூடவே தன்னையும் விட்டுக்கொண்டார்.

அன்றோடு கடைக்காரரின் பேச்சிலிருந்து 'அவள்' என்ற சொல் காணாமல் போயிற்று. "விடிகாலைல எந்திரிச்சு நாங்க ஓடறோம்." "நாங்க இப்போ ரெட்டைக் குட்டிக்கரணம் ஆரம்பிச்சுட்டோம்." "எங்களுக்கு ரெண்டு நாளா முட்டி வலி." ஓடியதும் கரணம் போட்டதும் மகள். முட்டி வலி யாருக்கு என்பதில் மட்டும் எனக்கு இன்றுவரை சந்தேகம். தைலம் இருவருக்கும்தான் தேய்க்கப்பட்டது.

கடைக்கு வருகிறவர்கள் பாடு? நாற்காலியில் உட்காரவைத்து, தாடையைத் தாங்கியில் பதித்து, இனி ஓட முடியாது என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் போனை எடுப்பார்.

"இதைக் கொஞ்சம் பாருங்க. தெரியுதா?"

"மங்கலா ஏதோ பறக்குதுங்க."

"அதான் நாங்க! மங்கலாத் தெரிஞ்சாலும் உயரம் தெரியுதில்ல?"

உயரம் தெரிகிறது என்று ஒப்புக்கொள்ளும் வரை அடுத்த லென்ஸ் வராது. நானே ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வலையின் நடுவில் ஒரு சிவப்புக் குறி இருக்கும். கூரையை எட்டிப் பார்க்கிற உயரத்துக்கு எழும்பி, காற்றிலேயே சுருண்டு, முறுக்கி, நிமிர்ந்து, மறுபடி அந்தக் குறியிலேயே வந்து இறங்க வேண்டும். இறங்கின வேகத்திலேயே அடுத்த கரணம். நடுவில் நின்று யோசிக்க இடமில்லை. யோசித்தால் விளிம்பில் விழ வேண்டியதுதான். ஆகவே யோசிக்கிற பொறுப்பைக் கடைக்காரர் ஏற்றுக்கொண்டார்.

"சுருட்டு!" என்று கேலரியிலிருந்து கத்துவார். உடம்பைச் சுருட்டிக்கொள் என்று பொருள். புதிதாக வந்தவர்கள் மனிதர் புகைக்கக் கேட்கிறார் என்று நினைத்துச் சுவரிலிருந்த தடை அறிவிப்பைக் காட்டுவார்கள். அடுத்த நொடி, "நிமிரு!" அப்போது அவரே நிமிர்வார். முன்னால் இருக்கிற கம்பி அதிரும், பக்கத்து நாற்காலி அதிரும், அதில் இருக்கிற அம்மாளின் கையிலுள்ள டீ அந்த அம்மாள் மடியிலேயே கொட்டும்.

"சார், கொஞ்சம் சத்தத்தைக் குறைச்சுக்கலாமே" என்று கோச் அம்மா சொல்லிப் பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். நீங்க கீழேருந்து பாக்கறீங்க. நான் மேலேருந்து பாக்கறேன்."

கேலரி கொஞ்சம் உயரத்தில் இருந்தது வாஸ்தவம்தான்.

மகள் வளர்ந்தாள். உள்ளூர்ப் போட்டி, வெளியூர்ப் போட்டி, பதக்கங்கள், பேப்பரில் படம். படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்ட ஒரு முழங்கை தெரியும். அது யாருடையது என்று நீங்கள் கேட்காமலே அவர் சொல்வார். கடைசியில், நாட்டு அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி வந்தது.

அன்று அவள் அழகாகக் குதித்தாள். பாதிக்கு மேல் ஒரு பிசகில்லாமல் முடித்துவிட்டாள். ரெட்டைக் கரணத்துக்காக எழும்பிச் சுருண்டவளைப் பார்த்துக் கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "நிமிரு!" என்றார். இம்மி முன்னதாகச் சொல்லிவிட்டார். அத்தனை வருஷம் அந்தக் குரலுக்குப் பழகின உடம்பு, கேட்டதும் நிமிர்ந்தது. கரணம் முடியவில்லை. அவள் குறியை விட்டு விலகி, விளிம்பை நோக்கிக் கோணலாக வந்தாள். கோச் அம்மா பாய்ந்து மெத்தையைத் தள்ளினார். தலை தப்பியது. கணுக்கால் தப்பவில்லை.

கேலரியில் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வலையைப் பார்த்தார். "ஸ்பிரிங் சரியில்லீங்க" என்றார். பிறகு விளக்கு சரியில்லை என்றார். நடுவர் கண்ணைத் தாம் இலவசமாகச் சோதித்துத் தரத் தயார் என்றார். குறை எங்கே என்று தேடிய அந்தக் கண்ணாடிக்காரரின் கண்ணுக்குத் தம் வாய் மட்டும் தென்படவேயில்லை.

எலும்பு கூடிவிட்டது. கட்டுப் பிரித்து, மெல்ல நடந்து, ஓடி, மகள் மறுபடி வலை ஏறினாள். குதித்தாள். குதித்தாள். குதித்துக்கொண்டே இருந்தாள். கரணம் மட்டும் வரவில்லை. உச்சிக்குப் போவாள், உடம்பு விறைக்கும், அப்படியே இறங்கிவிடுவாள். அடுத்த அணித் தேர்வுப் போட்டிக்குப் பெயர் கொடுப்பதா, விளையாட்டையே விட்டுவிடுவதா என்று வீட்டில் பேச்சு எழுந்தது.

"எனக்கென்னமோ பார்வையில கோளாறுன்னு தோணுது" என்று அவர் மகளைக் கடைக்கு அழைத்துப்போனார். சோதனை அறையின் கதவைச் சாத்தி விளக்கை அணைத்தார். எதிரே எழுத்துப் பலகை மட்டும் வெளிச்சமாக இருந்தது. அவள் கடைசி வரி வரை கடகடவென்று படித்தாள்.

"இன்னொரு தடவை படி, கண்ணு."

"கண்ணு நல்லாத்தான் இருக்குப்பா." கொஞ்சம் நிறுத்தினாள். "காதுதான்."

"காதா? காதுக்கு என்ன?"

"மேல போனா உங்க குரல் கேக்குது. நீங்க கடையில இருக்கறப்பவும் கேக்குது. அது எப்போ வரும்னு காத்துக்கிட்டே இருக்கேன். நான் எப்போ திரும்பணும்னு எனக்கே தெரியல. பயமா இருக்குப்பா."

அவர் வாயைத் திறந்தார். ஸ்பிரிங், விளக்கு, நடுவர், மூன்றும் நாக்கு வரை வந்திருக்க வேண்டும். லென்ஸ்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். துடைத்தவற்றையே மறுபடி எடுத்துத் துடைத்தார். இருட்டில் அவர் முகம் அவளுக்குத் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டதாம்.

"பேரு குடுத்துரு" என்றார் கடைசியில். "நான் உள்ள வரல."

வரவில்லை. அந்தப் போட்டியன்று மகளையும் மனைவியையும் வாசலில் இறக்கிவிட்டு, அரங்கத்தின் பின்சுவரை ஒட்டி வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றார். உள்ளே ஒலிபெருக்கி மகளை அழைத்தது. சுவருக்கு அப்பால் ஸ்பிரிங் முனகத் தொடங்கியது. ஒவ்வொரு முனகலுக்கும் அவர் முழங்கால் மடங்கியது. கைக்குட்டையைச் சுருட்டிப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்துக்கொண்டார்.

வாகனக் காவலர் ஓடிவந்தார். "என்ன சார், வலிப்பா?"

"ம்ஹூம்."

"யாரையாவது கூப்பிடட்டுமா?"

கூப்பிட வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினார். முனகல் நின்றது. ஒரு சத்தமும் இல்லை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அப்புறம்தான் கைதட்டல் கேட்டது.

மகள் வெளியே வந்தாள். அணியில் இடம் கிடைக்கவில்லை. அவளுக்கு மேலே நாலைந்து பேர் இருந்தார்கள். ஆனால் தொடங்கியதை முடித்துக் குறியின்மேல் இரண்டு காலையும் ஊன்றி நின்றிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"மேல யாருமே இல்லப்பா. நான் மட்டும்தான் இருந்தேன்."

அவர் தலையாட்டினார். வண்டியைக் கிளப்பினார். ஆள் திருந்திவிட்டார் என்று நீங்கள் நெகிழ்வதற்குள் சொல்லிவிடுகிறேன்: முதல் சிக்னல் வரைதான் தாங்கினார்.

"அந்தக் கடைசிக் கரணத்துல தோள் கொஞ்சம்..."

"அப்பா! நீங்க பாக்கவே இல்லையே!"

"சத்தத்துலயே தெரிஞ்சுது."

பின்னாலிருந்த மனைவி அவர் முதுகில் ஒன்று வைத்தார். மகள் சிரித்துவிட்டாள். பிறகு அவள் சில வருஷங்கள் குதித்தாள், ஒருமுறை அணியிலும் இடம் பிடித்தாள், போதும் என்று தோன்றிய நாளில் தானாகவே நிறுத்திக்கொண்டாள். இப்போது அதே கூடத்தில் கோச். அவள் போட்ட முதல் விதி, பெற்றோர் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நிற்க வேண்டும் என்பது. அந்தத் தடுப்புக்கு வெளியே, யார் பிள்ளைக்கென்று தெரியாமல் முழங்காலை மடக்கி நிமிர்கிற ஒருவரை நீங்கள் அங்கே எந்தச் சாயங்காலமும் பார்க்கலாம்.

சரி, சிரித்து முடித்தீர்களா? நல்லது. உங்கள் வீட்டுப் பிள்ளை மேடையில் பாட்டுப் பாடியபோது உதட்டை அசைத்தது யார், பரீட்சை எழுதிவிட்டு வாசலுக்கு வருமுன் கேள்வித்தாளைப் பிடுங்கியது யார் என்றெல்லாம் நான் கேட்கப் போவதில்லை. நீங்கள் அப்படிப்பட்டவர் அல்ல. இதைப் படித்ததும் உங்களுக்கு உங்கள் மச்சான் ஞாபகம்தான் வந்திருக்கும். உடனே அவருக்கு அனுப்பக் கை துறுதுறுக்கும். அனுப்புங்கள். ஆனால் அவர் இதைப் போன வாரமே படித்துவிட்டார். உங்களுக்கு அனுப்பினால் கோபித்துக்கொள்வீர்களோ என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறார்.