யானை பார்க்கப் போன ஊக்கப் பயிற்சி

மதிப்பிற்குரிய டேனி மச்சான் அவர்களுக்கு,

தேன்கனிக்கோட்டையிலிருந்து மைத்துனன் அருள்ஜோசப்பின் ஸ்தோத்திரம். கர்த்தர் கிருபையால் இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் முழங்கால் உட்பட சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

முழங்கால் கதையைச் சொல்லிவிடுகிறேன். அரசு ஊழியர்களுக்கு ஊக்கம் போதவில்லை என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றி, ஓசூர் கம்பெனிகளில் பயிற்சி கொடுக்கும் ஸ்ரீராம் என்பவரை எங்கள் தாலுகா அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் கதவைச் சாத்தி, எங்களை வட்டமாக நிற்கவைத்து, கைதட்டிக்கொண்டே "என்னால் முடியும்!" என்று கத்தச் சொன்னார். ஓய்வுபெறப் போகும் கண்காணிப்பாளர் முனிராஜ் சார் மட்டும், "எது முடியும்ப்பா?" என்று கேட்டார். பதில் வருவதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு செல்லியம்மா வந்துவிட்டார். ஜவளகிரி விவசாயி, யானை மேய்ந்த ராகிக் கொல்லையைப் பார்வையிட வரச்சொல்லி நிவாரண மனுவோடு வாரக்கணக்கில் என் மேசைக்கு நடப்பவர். அவரையும் ஊழியர் என்று நினைத்து ஸ்ரீராம், "உங்க லட்சியம் என்னம்மா?" என்றார்.

"இந்த சார் ஒருக்கா வந்து கொல்லையப் பாக்கணும். மிச்சத்தையும் ஆனை தின்னுட்டா, நான் ராகியே போடலேம்பாங்க."

ஸ்ரீராமுக்கு ஊக்கம் பிய்த்துக்கொண்டது. "இப்பவே போலாம்! இதான் சார் பிராக்டிகல்!" என்று என்னையும் முனிராஜ் சாரையும் ஜீப்பில் ஏற்றிவிட்டார். கொல்லையில் என்னை நிறுத்தி அவர் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் மூங்கில் முறிந்தது. "ஆனை! ஓடுங்க சார்!" என்றார் செல்லியம்மா. மச்சான், அரசு ஊழியர் மெத்தனம் என்று பேசுகிறவர்கள் அப்போது எங்களைப் பார்த்திருக்க வேண்டும். கோப்பு ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். முனிராஜ் சார் என்னைத் தாண்டினார். ஸ்ரீராம் எங்களைத் தாண்டி, ஜீப்பையும் தாண்டி, தார் ரோட்டில்தான் போய் நின்றார். நான் வாய்க்காலில் விழுந்து முட்டி பேந்துபோச்சு. செல்லியம்மா மட்டும் ஓடாமல் தகர டின்னைத் தட்டி யானையை விரட்டினார்.

வெட்கமாகப் போய்விட்டது. நிவாரணம் தரலாம் என்று அன்றைக்கே அறிக்கை எழுதி அனுப்பினேன். என் சர்வீஸிலேயே அன்றைய வேலையை அன்றே முடித்தது அதுதான் முதல் தடவை. மனசு நிறைஞ்சுபோச்சு மச்சான்.

அக்காவுக்கும் எஸ்லின் பாப்பாவுக்கும் என் அன்பு. கர்த்தர் உங்கள் கையின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. எங்கள் அலுவலகத்தாருடையதையும், இருந்தால்.

இப்படிக்கு,
அருள்ஜோசப்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மேலதிகாரி கூப்பிட்டு, "யானையக் கண்ணால பாத்தீங்களா?" என்றார். ஓடும்போது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்தோம். கால்தடம் மழையில் போய்விட்டது. போட்டோவில் என் முகம்தான் இருக்கிறது. ஆதாரமில்லை என்று செல்லியம்மாவின் மனு தள்ளுபடி. உண்மையை மறைக்காததற்காக இந்த மாதத்தின் சிறந்த ஊழியர் விருது எனக்கு. சனிக்கிழமை விழா. கைதட்ட ஆள் குறைவு. அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.