தனியாக நிற்காத நாலு

“இருபத்தஞ்சையும் நாலையும் கூட்டினா எவ்வளவு?”

“நூறு!” என்று கத்தினான் பவனேஷ்.

லோகேஸ்வரி டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார். கூட்டினாலும் நூறா! மலேசியாவில் சபாக் பக்கத்துத் தோட்டப் பள்ளியின் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு, கணக்கைக் கண்டதும் பென்சிலைத் தூக்காமல் முதலில் எண்களை உற்றுப் பார்க்கச் சொல்லிக்கொடுக்கத்தான் அவர் ஆசைப்பட்டார். மறுநாள் கல்வி அதிகாரி வருகிறார். அவர் தலையசைத்தால் இந்தப் புதுப் பாடமுறை தொடரும், இல்லையென்றால் பழையபடி பயிற்சிப் புத்தகம்தான் என்று தலைமையாசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த அவசரத்தில் ‘இருபத்தைந்தைக் கண்டால் நாலைத் தேடு, நூறு வரும்’ என்று மந்திரம் ஓதப்போய், பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

“பெருக்கல்ல மட்டுந்தான்டா! சரி, இருபத்தஞ்ச பதினாலால பெருக்கு.”

“நாலு இருக்கு லா டீச்சர்! நூறு. மிச்ச ஒண்ண முன்னுக்குப் போட்டா ஆயிரத்து நூறு!”

“ஐயோ கடவுளே! நாலு தனியா நின்னாத்தான் அந்த வழி. இல்லாட்டித் தொடாதீங்க!”

கடைசி வரிசையில் ஷர்மினி துள்ளி எழுந்தாள். “டீச்சர், ஏழா இருந்தாலும் வரும்! ஏழுக்குள்ள நாலு இருக்கு, அது நூறு. மிச்சம் மூணுக்கு எழுபத்தஞ்சு. நூத்தி எழுபத்தஞ்சு!”

விடை சரி என்று டீச்சருக்குத் தெரியாதா என்ன? ஆனால் மற்றவர்கள் மறுபடி குழம்புவார்களே என்ற பயம் முந்திக்கொண்டது.

“நாலு தனியா நிக்கணும்னு இப்பத்தான சொன்னேன்? அதிகாரி முன்னால இந்த அதிகப்பிரசங்கித்தனம் வேணாம். உட்காரு!”

துள்ளிய பிள்ளை சுருங்கி உட்கார்ந்தது.

மறுநாள் வந்த அதிகாரி புனிதவதி சிரித்த முகமாகக் கேட்டார். “இருபத்தஞ்சு பெருக்கல் ஏழு?”

“நாலு இல்ல, தொடக்கூடாது!” என்றது வகுப்பு ஒரே குரலில்.

டீச்சர் அவசரமாகக் கடைசி வரிசையைப் பார்த்தார். “ஷர்மினி, நீ சொல்லும்மா.”

அவள் தலையைத் தூக்கவில்லை. “நாலு தனியா நிக்கல டீச்சர்.”

அதிகாரி தலையசைக்காவிட்டால் போகட்டும், நேற்று அந்தப் பிள்ளையைப் பேச விட்டிருக்கலாமே என்று லோகேஸ்வரியின் மனம் அடித்துக்கொண்டது. பாவி நான், என் கையாலேயே கெடுத்தேனே!

கிளம்பிய அதிகாரி வாசலில் தயங்கி நின்றார்.

“போன மாசம் செகிஞ்சான்ல நடந்த கணித முகாம்ல உங்க ஸ்கூல் புள்ள ஒண்ணு, ஏழ நாலும் மூணுமாப் பிரிச்சி சட்டுன்னு சொல்லிச்சாம். அதக் கேள்விப்பட்டுத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அந்தப் புள்ள இன்னிக்கி லீவா, டீச்சர்?”