சம்பந்திக்குப் போட்ட ஹெல்மெட்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. கேஸை மூடினேனா என்று சந்தேகம் வந்து, ஏறின பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு ஓடியிருக்கிறேன். (மூடித்தான் இருந்தது. எப்போதும் மூடித்தான் இருக்கும்.) நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியதற்கு வீட்டில் பல காரணம் சொல்வார்கள். ஒன்பதாவதில் ஆசிட்டைத் தொடச் சொல்வார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டதும் அதில் ஒன்று.

இப்போது திருப்பாதிரிப்புலியூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் தம்பி செந்தில் சிதம்பரத்தில் மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தான். மாடிக்கு காங்கிரீட் தளம் போடுகிற அன்றைக்கே, என் மகள் நித்யாவைப் பெண் பார்க்க காட்டுமன்னார்கோயில்காரர்களை அங்கே வரச் சொல்லிவிட்டான்.

"நல்ல நாளுக்கா. தாய்மாமன் வீட்டையும் பாத்த மாதிரி இருக்கும்."

(பீற்றிக்கொள்ள ஒரு சந்து கிடைத்தால் விடமாட்டான்.) நித்யாவுக்குப் பையனைப் போட்டோவிலேயே பிடித்துவிட்டது. வாய்விட்டுச் சொல்லவில்லை, போன் ஸ்கிரீனில் அந்த போட்டோவைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்ததிலேயே தெரிந்தது. ஏற்கெனவே தட்டிப்போன சம்பந்தங்கள் உண்டு. இதுவும் போனால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் என் கவலை.

முதல் நாளே போய்ப் பார்த்தேன். வாசலுக்கு நேர் மேலே, சாரக் கம்பில் திருஷ்டிப் பூசணிக்காய் தொங்கியது. முறுக்கு மீசை, கோரைப்பல், பிதுங்கின கண்ணு. அடிப்பக்கம் அழுகி, சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது.

"டேய், அத எறக்குடா."

"குடி போற வரைக்கும் எறக்கக் கூடாதுக்கா. வீட்டக் காப்பாத்துறதே அதுதான்."

"அதுகிட்டேருந்து நம்மள யாருடா காப்பாத்துறது?"

என்ஜினீயர் வாங்கிக் கொடுத்த ஹெல்மெட்டெல்லாம் எங்கே என்று மேஸ்திரியிடம் கேட்டேன். காட்டினார். ஒன்றில் ஆணி, ஒன்றில் சுண்ணாம்பு, ஒன்றில் வேர்க்கடலை. அத்தனையையும் வீட்டுக்குத் தூக்கி வந்து ஷாம்பு போட்டுக் கழுவினேன். வார் அறுந்ததற்கெல்லாம் கடையிலிருந்த எலாஸ்டிக்கைத் தைத்தேன். ராத்திரி முழுக்க என் வீட்டுக்காரர் தலையிலடித்துக்கொண்டார். (அவர் தலையில்தான்.)

மறுநாள் மாப்பிள்ளையின் அப்பா காரிலிருந்து இறங்கினார். ரைஸ்மில் முதலாளி. கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி சட்டை. புதுசாய் மை அடித்து வாரிய தலை. நான் ஹெல்மெட்டுகளைத் தாம்பூலத் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு வழியை மறித்தேன்.

"அண்ணே, இதப் போட்டுக்கிட்டுத்தான் உள்ள வரணும்."

"ஏம்மா, பொண்ணு பாக்க வந்தவன மண்ணு சொமக்கக் கூப்புடுறியா?"

"எனக்குப் பூவு கசங்கிடும்" என்று அவர் சம்சாரம் காரைவிட்டே இறங்கவில்லை.

"அக்கா, மானத்த வாங்காத" என்று செந்தில் பல்லைக் கடித்தான். என் வீட்டுக்காரர் இடுப்பில் கிள்ளினார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக நான் அசையவில்லை. எட்டி மாப்பிள்ளையின் அப்பா தலையில் ஹெல்மெட்டைக் கவிழ்த்து, எலாஸ்டிக்கைத் தாடைக்குக் கீழே இழுத்து விட்டேன். அது 'பட்' என்று அவர் கழுத்திலே அடித்தது.

அவர் முகம் சிவந்தது. ஹெல்மெட்டைக் கழற்றக்கூடத் தோன்றாமல் வாசல்வரை விறுவிறு என்று நடந்தார்; நானும் பின்னாலேயே ஓடினேன். அங்கே நின்று எங்கள் பக்கம் திரும்பினார்.

"வீட்டயும் பாத்தாச்சு, மரியாதையயும் பாத்தாச்சு. நாங்க கெளம்புறோம்."

நித்யா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பூமி பிளந்து விழுங்கியிருக்கலாம். பூமி பிளக்கவில்லை. பக்கத்தில் கலவை மிஷினை ஓட விட்டார்கள். சாரம் கிடுகிடுவென்று ஆடியது. கயிறு அறுந்தது.

டமார்!

மீசையும் கோரைப்பல்லுமாக அந்தப் பூசணி ஹெல்மெட்டில் இறங்கி, நாலாய்ப் பிளந்து, அழுகல் மொத்தமும் கஞ்சிச் சட்டையில் வழிந்தது. பாதி என் பட்டுப்புடவைக்கு வந்தது. அவர் மெதுவாக ஹெல்மெட்டைக் கழற்றினார். வாரிய முடி ஒன்றுகூடக் கலையவில்லை. ஹெல்மெட்டில் ஓடியிருந்த விரிசலை விரலால் தடவினார். மேலே ஆடிக்கொண்டிருந்த கயிற்றைப் பார்த்தார்.

"தங்கச்சி" என்றார். (அதுவரை 'ஏம்மா'தான்.) "ஒம் பொண்ணும் ஒன்ன மாதிரியேதானா?"

"ஐயோ, இல்லண்ணே! அவ ரொம்ப தைரியசாலி" என்றேன் பதறிப்போய்.

"அப்ப யோசிக்கணுமே. எனக்கு ஒன்ன மாதிரிதான் வேணும்."

"அச்சு அசல் அம்மாவேதாங்க!" என்று என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். அத்தனை வருஷமாக என்னைக் கேலி பண்ணின வாய் அது!

காரிலிருந்து அந்த அம்மா, பூவைப் பற்றிய பேச்சே இல்லாமல், "எனக்கும் ஒண்ணு குடுங்க" என்று கையை நீட்டினார்.

நிச்சயத்துக்கு எங்கள் சீர்த்தட்டு வரிசையில் பழத்துக்கும் பூவுக்கும் நடுவில் மஞ்சள் ஹெல்மெட் ஒன்று போனது. இன்றைக்கும் நான் எங்கே கிளம்பினாலும் மாப்பிள்ளை, "அத்தை, தலைக்கு எடுத்துக்கிட்டீங்களா?" என்பார்.

ஆனால் எனக்குப் பிடித்தது கல்யாண மண்டபத்தில் நடந்ததுதான். எல்லாரும் தாலியையே பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் மணவறைக்கு மேலே தொங்கிய பெரிய பூப்பந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பந்தி பக்கத்தில் வந்து காதோடு சொன்னார்:

"கவலப்படாத தங்கச்சி. ஏணி போட்டு ஏறி, கயித்த நானே இழுத்துப் பாத்துட்டேன்."