பொன் மூட்டம் வரைகிறவர்

மேகம் வரைகிறவர் என்றொரு இனம் உண்டு. மலை வரைகிறவர், மாடு வரைகிறவர் எல்லாம் வேறு. மலையும் மாடும் கொஞ்ச நேரமாவது நின்ற இடத்தில் நிற்கும்; படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து நாலு பேர் கேள்வி கேட்டுவிடலாம். மேகத்தில் அந்தத் தொல்லை இல்லை. வரைந்து முடிப்பதற்குள் அது போயிருக்கும். சாட்சி இல்லாத தொழில்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது உங்கள் காதுக்குப் பின்னால் எதையோ பார்ப்பார். ஒரு கண்ணை மூடிக் கட்டைவிரலை நீட்டி வானத்தை அளப்பார். தூரிகையைத் தேநீரில் முக்கிவிட்டு, தூரிகை கழுவும் தண்ணீரைக் குடிக்கப் போவார். மேகம் வெள்ளையாக இருக்கிறது என்று நீங்கள் வாய்தவறிச் சொல்லிவிட்டால், அதில் ஊதா இருக்கிறது, சாம்பல் இருக்கிறது, அடிவயிற்றில் கொஞ்சம் பச்சைகூட இருக்கிறது என்று உங்களுக்குக் கண்ணே இல்லாத மாதிரி விளக்குவார். சரி, நாள் முழுக்க வானத்தையே பார்க்கிறாரே, மழை வருமா என்று கேட்டால் தெரியுமா? தெரியாது.

எங்கள் குடும்பத்திலேயே ஒருவர் இருக்கிறார். என் தம்பி.

"மழை வருமாங்க, துணி காயப்போடலாமா?" என்று அவன் மனைவி கேட்பாள்.

"அந்த ஓரத்துச் சாம்பலைப் பாரேன், எவ்வளவு மென்மையா கரையுது" என்பான்.

அவள் துணியைக் காயப்போடுவாள். அது நனையும்.

ஆனாலும் தம்பி லேசுப்பட்டவன் இல்லை. அவன் அறை ஜன்னலில் தெரிந்த வானத்தில் ஒரு பொன் மூட்டம் இருந்தது. காலையோ நண்பகலோ, எப்போது பார்த்தாலும் மேகத்தின் ஓரம் தேன் தடவினாற்போல் மின்னும். தெருவில் நின்றால் தெரியாது, மொட்டைமாடியில் தெரியாது, அந்த ஜன்னலில் மட்டும்தான். "வெளிச்சம் எல்லாருக்கும் தன்னைக் காட்டிக்காதுக்கா" என்றான். நானும் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் போகிற இடமெல்லாம் சொல்லிவைத்தேன். அப்படித்தான் என் பல்லைப் பார்க்கும் டாக்டரம்மா, தம் காத்திருப்போர் அறைக்கு ஒரு வானம் வேண்டும் என்றார். அவனிடம் படம் கேட்ட முதல் ஆள் அவர்தான். சனிக்கிழமை காலை வந்து பார்த்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

பதினொரு மாதம் வரைந்தான். ஒரே வானம். முடிந்ததா என்றால், "இன்னும் வெளிச்சம் உட்காரலை" என்பான். அது உட்காருவதற்கு இவன் நாற்காலி போட்டுக்கொண்டே இருந்தான்.

வெள்ளிக்கிழமை அவன் படத்துக்குச் சட்டம் வாங்கப் போன நேரத்தில், மறுநாள் டாக்டரம்மா வருகிறாரே என்று நான் அறையைச் சுத்தம் செய்தேன். கீழே பஸ் நிறுத்தம், பக்கத்தில் சமையலறை. அந்த ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் பட்டு எத்தனை வருடமோ. சோப்புத் தண்ணீரும் பழைய செய்தித்தாளும் வைத்துத் தேய்த்து, மூலையில் இருந்ததைத் தீக்குச்சியால் நோண்டி எடுத்தேன். பொன் மூட்டம் முழுக்க வாளிக்குள் வந்துவிட்டது.

வந்தான். பார்த்தான். வெளியே பளிச்சென்று நீல வானம், பஞ்சு மாதிரி நாலு மேகம்.

"என்னக்கா பண்ணினே?"

"ஜன்னலைத் துடைச்சேன்டா. அவ்வளவு அழுக்கு."

"அது அழுக்கு இல்லக்கா. வளிமண்டலம்."

இப்போதுதான் வானம் தெரிகிறது, படத்தில் அந்த மூட்டத்தை மட்டும் எடுத்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். இந்த இனத்தார் படத்தைத் திருத்துவதில்லை. ஜன்னலைத் திருத்துவார்கள். சனிக்கிழமை காலை போய்ப் பார்க்கிறேன்: சமையல் எண்ணெயில் தூசியைக் குழைத்து, ஒரு துணியால் கண்ணாடி முழுக்க ஒற்றிக்கொண்டிருக்கிறான். கையில் என்ன நிதானம், என்ன நுணுக்கம். அந்த வருடத்தில் அவன் குறித்த நேரத்தில் முடித்த ஒரே வேலை அதுதான்.

டாக்டரம்மா வந்தார். படத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பிறகு படத்தின் அருகே குனிந்து மேகங்களின் ஓரத்தை ஒவ்வொன்றாக, வாயைத் திறந்துவைத்திருக்கும் நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இந்த மஞ்சள் எல்லாம் என்னங்க?"

"அந்த வானத்தோட உயிரே அதுதான் மேடம்."

"தம்பி, நான் நாள் முழுக்க மஞ்சளைச் சுரண்டி எடுக்கிறவ. அதையே கொண்டுபோய்ச் சுவர்ல மாட்டினா, யாரு என்னை நம்பி வாயைத் திறப்பாங்க? அதை மட்டும் எடுத்துக் கொடுங்க, இருந்து வாங்கிட்டே போறேன்."

ஒரு மணி நேர வேலை. நான் கண்ணால் கெஞ்சினேன், அவன் மனைவி வாயாலேயே கெஞ்சினாள். முடியாது என்றான். டாக்டரம்மா வெறுங்கையோடு படியிறங்கினார்.

"அவங்களுக்குப் பல்லு தெரியும், வெளிச்சம் தெரியாது" என்றான். சொல்லிவிட்டு அன்று முழுக்க அவன் சாப்பிடவில்லை.

படம் இப்போது என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் கேட்டால் அந்தி நேரம் என்று சொல்கிறேன். வேறு சொல்ல வாய் வரவில்லை, தம்பி அல்லவா.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் தூரிகையே பிடித்ததில்லை, எனக்கென்ன என்கிறீர்கள். நல்லது. உங்கள் மருமகளைப் பற்றி, பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி, உலகம் போகிற போக்கைப் பற்றிப் பல வருடமாக ஓர் அபிப்பிராயம் வைத்திருப்பீர்களே, அதன் கண்ணாடியில் ஒரு விரலை வைத்து இழுத்துப் பாருங்கள். விரலை நீட்டவே மனம் வரவில்லையா? வாருங்கள். தம்பியின் அறையில் இன்னொரு முக்காலி இருக்கிறது.