முப்பத்தாறு ஜிபி காதுகுத்து

திண்டுக்கல், பேகம்பூர்
ஆடி 12, பிற்பகல் மூன்று மணி

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் திரு. பழனிக்குமார் அவர்களுக்கு,

கணித ஆசிரியர் (ஓய்வு) ராமர் வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் தங்கை வசந்தாமணியும் நலம். தொப்பம்பட்டியில் தாங்களும் தங்கள் தென்னைகளும் நலமாக இருக்கப் பழனியாண்டவரை வேண்டுகிறேன். இரண்டு முறை போன் செய்தேன். "அவரு தோட்டத்துல இருக்காருங்க" என்று உங்கள் வீட்டில் பதில் வந்தது. கூடவே உங்கள் இருமலும் கேட்டது. தோட்டம் அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டதில் மகிழ்ச்சி.

விஷயத்துக்கு வருகிறேன். ஆவணி மூன்றாம் ஞாயிறு என் மகள் தமிழ்மதிக்குக் கல்யாணம். "எங்கண்ணன் மாலையோட வராம அந்தப் பந்தல்ல நான் நிக்க மாட்டேன்" என்று உங்கள் தங்கை சொல்லிவிட்டாள். நீங்களோ, இருபத்தோரு வருடங்களுக்கு முன்னால் பாலசமுத்திரத்தில் தமிழ்மதிக்குக் காது குத்தியபோது, தாய்மாமனான உங்களை மடி கொடுக்க நான் அழைக்கவில்லை, என் சித்தப்பா மகன் மடியில் குழந்தையை உட்காரவைத்துவிட்டேன் என்று அன்றிலிருந்து என் வாசலை மிதிக்கவில்லை. நான் அழைத்தேன். மூன்று முறை, கை கூப்பி அழைத்தேன். நேற்று நடந்ததுபோல் ஞாபகம் இருக்கிறது. சித்திரையில் பெரியம்மா இழவு வீட்டில் பத்துப் பேர் முன்னால் என்ன சொன்னீர்கள்? "கூப்பிட்டத வீடியோவுல காட்டச் சொல்லுங்க, நா வர்றனுங்க." அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு நாளாக இந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன்.

காதுகுத்து வீடியோ என் பழைய கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. மொத்தம் முப்பத்தாறு ஜிபி. ஆனால் அந்தப் பெட்டியில் படம் திக்கித் திக்கி நிற்கிறது. டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டினால் வாயே திறப்பதில்லை. ஆகவே பெட்டியைத் துண்டில் சுற்றி, பிராங்கிளினின் ஆட்டோவில் ஏற்றி, பேகம்பூரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் மஹ்ஜபீனிடம் கொண்டுவந்தேன். பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கியவள்; அந்த இரண்டு மார்க் எங்கே என்று இன்னும் கேட்கிறாள். டிஸ்க்கின் பழைய சீட்டில் வினாடிக்கு 133 மெகாபைட் என்று போட்டிருந்தது. முப்பத்தாறாயிரத்தை 133ஆல் வகுத்தேன். நாலரை நிமிடம். பிராங்கிளினை வாசலிலேயே நிற்கச் சொன்னேன். வசந்தாமணிக்கு போன் செய்து, உலை வை, வந்துவிடுகிறேன் என்றேன்.

அப்போது பார்த்து மஹ்ஜபீனின் கம்ப்யூட்டரில் 1.5 ஜிகாபிட் என்று எழுதியிருந்ததைப் பார்த்துத் தொலைத்தேன். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். எட்டால் வகுத்தால் நூற்று எண்பத்தேழரை மெகாபைட். அவள், "நூத்தம்பதுதான் சார், இதுல பத்தால வகுக்கணும். எட்டு பிட்டு போறதுக்குத் துணையா ரெண்டு பிட்டு சேர்ந்து போகுது" என்றாள். முப்பத்திரண்டு வருடம் சாக்பீஸ் பிடித்த கை சும்மா இருக்குமா? எட்டு எப்படிம்மா பத்தாகும் என்று அவள் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன். அவளும் போட்டுக் காட்டினாள். அரை மணி நேரம் போனது. பிராங்கிளின் எட்டிப்பார்த்து, "சார், அஞ்சு நிமிசம்னு சொன்னீக, எஞ்சினே ஆறிப்போச்சு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். பிறகு அவள்தான் மெதுவாகச் சொன்னாள்: "ரெண்டு பெட்டிக்கும் நடுவுல இருக்குற ஒயர் பழசு சார். அது பன்னெண்டு மெகாபிட்டு. எட்டால வகுங்க, பத்தால வகுங்க, உங்க இஷ்டம்." பன்னிரண்டு மெகாபிட் என்றால் ஒன்றரை மெகாபைட்கூடத் தேறாது. ஒன்று என்று வைத்துப் போட்டால் பத்து மணி நேரம். உலை என்ன ஆனது என்பதை நான் எழுதவில்லை.

நேற்று மூன்று மணி நேரம் ஓடியபின் கரண்ட் போனது. மறுபடி முதலிலிருந்து. இன்று எனக்காக மஹ்ஜபீன் காலை ஏழு மணிக்கே கடையைத் திறந்தாள். இப்போது எட்டு மணி நேரம் ஆகிவிட்டது. ஐந்து மணிக்கு முடிந்ததும் படத்தைப் பென்டிரைவில் ஏற்றி இத்துடன் வைக்கிறேன். பாருங்கள். வேகக் கணக்கில் நான் தவறியிருக்கலாம். இந்தக் கணக்கில் தவற மாட்டேன். பார்த்துவிட்டு, கொடுத்த வாக்கின்படி மாலையோடு வந்து சேருங்கள்.

தங்கள் குடும்பமும் தோட்டமும் தழைத்து வாழ வாழ்த்தும்,
க. ராமர்

பி.கு: மாலை ஆறரை மணி. படத்தைப் பார்த்துவிட்டேன். நான் மூன்று முறை கை கூப்பி அழைத்தது உண்மை. அழைத்தது எங்கள் தலைமையாசிரியரை. நீங்கள் பந்தல்காலுக்குப் பக்கத்தில், கையில் மாலையும் பட்டுப்பாவாடைப் பையுமாக நாற்பது நிமிடம் நிற்கிறீர்கள். என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். நான் இரண்டு முறை உங்களைத் தாண்டிப் போகிறேன். ஒரே ஒரு முறை பேசுகிறேன்: "அந்தச் சேரை இங்கிட்டுப் போடுங்க." நீங்கள் மாலையைத் தோளில் மாட்டிக்கொண்டு சேரை எடுத்துப் போடுகிறீர்கள். அதில்தான் தலைமையாசிரியர் உட்கார்ந்தார். மஹ்ஜபீன் எனக்கு டீ சொன்னாள்.

கூப்பிட்டதைக் காட்டினால் வருகிறேன் என்றீர்கள். காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை, மச்சான். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானே கொண்டுவந்து உங்கள் வாசலில் நின்று கொடுக்கிறேன். நீங்கள் தோட்டத்தில் இருந்தாலும் சரி, உள்ளே இருமிக்கொண்டிருந்தாலும் சரி. படித்துவிட்டு, நாற்பது நிமிடம் கழித்து, மனது வந்தால் ஒரு சேர் எடுத்துப் போடுங்கள்.